நீள்மயிர்ப் பூனையைப் பராமரித்தல்

தமிழ் மொழியும் இலக்கியமும் – விளக்கக் கட்டுரை

மாணவர்களே, விளக்கக் கட்டுரையில் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதினால் மாத்திரம் போதாது. ஒவ்வொன்றுக்கும் காரணமும் கூறப்படல் வேண்டும். பின்வரும் மாதிரியை அந்த நோக்குடன் வாசியுங்கள்.

மாதிரிக் கட்டுரை

ஒருகொடவத்தை போன்று வீடுகள் நெருங்கிய இடங்களிலும் பாரசீகப் பூனைகளை விரும்பி வளர்ப்போர் உளர். இவற்றின் அழகு நீண்ட மயிரே. கவனியாது விட்டால் அம்மயிரே இவற்றுக்குத் துன்பமாகும்.

நீள்மயிர்ப் பூனைகளை மனிதர் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து இனம்பெருக்கினர். இதனால் பூனை தன் நாவினால் மாத்திரம் பேண முடியாத அளவுக்கு மயிர் நீண்டது. ஆகவே அதனைச் சீவிவிடுவது வளர்ப்பவரின் கடமையாகும்.

நாள்தோறும் பத்து நிமிடமேனும் உலோகச் சீப்பினால் சீவுதல் வேண்டும். ஏனெனில், பூனை தன்னை நக்கும்போது விழுங்கும் மயிர் வயிற்றில் உருண்டையாகத் திரளும். காதின் பின்புறம், முன்னங்கால்களின் உட்புறம், வயிறு ஆகிய இடங்களில் மயிர் சடைவிழும். சடையை விரல்களால் மெதுவாகப் பிரிக்க வேண்டும். பூனையின் தோல் மெல்லியது; கத்தரிக்கோல் பட்டால் எளிதில் வெட்டுப்படும். சடையை நீக்கிய பின்னரே நீராட்டலாம். நனைந்த சடை மேலும் இறுகும்.

கொழும்பின் காற்று ஈரப்பதன் மிக்கது. மயிரடியில் ஈரம் தங்கினால் தோலில் புண் உண்டாகும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வேளைகளில் பூனையை உடனே துடைத்து உலர்த்துதல் அவசியம். பூனையின் தோலில் வரும் படர்தாமரை என்னும் பங்கசு நோய் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

பூனை பெரும்பாலும் பாதங்களிலேயே வியர்க்கும். எனவே தகரக் கூரையின் கீழ் நண்பகலில் அதனை அடைத்து வைத்தல் ஆகாது. குளிர்ந்த சீமெந்துத் தரையும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். வாய் திறந்து மூச்சு வாங்கினால் தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

நமக்குரிய மருந்தைப் பூனைக்குக் கொடுத்தல் கூடாது. பரசிற்றமோல் குளிசை ஒன்றே அதன் உயிரைப் போக்கலாம். அம்மருந்தின் நஞ்சைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. பெர்மெத்ரின் கலந்த, நாய்களுக்குரிய தெள்ளு மருந்தும் அவ்வாறே ஆபத்தானது.

விசர்நோய் நாயினால் மாத்திரமன்றிப் பூனையினாலும் பரவும். ஆகவே வீட்டினுள் வளரும் பூனைக்கும் தடுப்பூசி ஏற்றுதல் வேண்டும். கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பூனை தன் வருத்தத்தை வாய்திறந்து கூறாது. சீவும் அந்தப் பத்து நிமிடத்திலேயே அதன் புண்ணையும் மெலிவையும் நம் கை அறியும்.

கவனிக்க

1. ஒரு பந்தியில் ஒரு கருத்தே விளக்கப்பட்டுள்ளது.
2. 'ஆகவே', 'ஏனெனில்', 'எனவே' ஆகியன செயலையும் காரணத்தையும் இணைக்கின்றன.
3. இறுதிப் பந்தி முன்னர் கூறியவற்றைத் திரும்பக் கூறாது, அவற்றின் பயனைக் காட்டுகின்றது.

பயிற்சி

1. சடைவிழுந்த பூனையை நீராட்டலாகாது. காரணம் தருக.
விடை: நனைந்தால் சடை மேலும் இறுகும்.

2. பூனைக்குப் பரசிற்றமோல் கொடுக்கலாகாது என்பதற்கான காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுக.

3. 'வெயிற்காலத்தில் வளர்ப்புப் பிராணிகளைப் பேணல்' என்னும் தலைப்பில், ஒவ்வொரு செயலுக்கும் காரணம் காட்டிக் கட்டுரை எழுதுக.