பசியை அடக்குமா ப்ரோட்டீன் ஷேக்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

அப்பா நெசவுக்குக் குழித்தறியில் உட்கார, மகன் சாயங்காலம் ஜிம்முக்குப் போகும் வீடுகளை ஆரணியிலும், பக்கத்திலுள்ள சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரத்திலும் இன்று பார்க்கலாம். அலமாரியில் ஜரிகைக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதில் வே ப்ரோட்டீன் பொடி, ஒரு ஸ்கூப். டப்பாவோடு சில நம்பிக்கைகளும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. உடம்பைக் கவனித்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் தப்பான கணக்கில் காசையும் உழைப்பையும் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

"ஒரு ஷேக் குடிச்சா பசியே எடுக்காதுண்ணா. எடை தானா இறங்கிடும்."

இதில் முதல் பாதி ஓரளவு உண்மை. புரதம் குடலுக்குப் போனதும் ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய்., சி.சி.கே. ஆகிய ஹார்மோன்கள் கூடுகின்றன. போதும் என்ற சேதி மூளைக்குப் போகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் குறைகிறது. ஒரே கலோரி அளவில் பார்த்தால், மாவுச்சத்தையும் கொழுப்பையும் விடப் புரதம் பொதுவாகப் பசியை அதிக நேரம் தாங்கும். ஆனால் இது சில மணி நேரத்துக் கதை. அதுவரை நடந்த பரிசோதனைகளைத் திரட்டி 2020-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், குறுகிய நேரத்தில் பசி குறைவது தெளிவாகத் தெரிந்தது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் புரதத்தைக் கூட்டிச் சாப்பிட்டவர்களிடம் அந்த விளைவு அப்படி நிற்கவில்லை.

எடை தானாக இறங்கும் என்பதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் ஆய்வு ஒன்று உண்டு. நல்ல ஆய்வுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 19 பேரை வைத்து நடத்தி 2005-இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டில் புரதத்தின் பங்கை 15 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்த்திவிட்டு, வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். யாரும் கட்டுப்படுத்தாமலேயே நாளொன்றுக்குச் சராசரியாக 441 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். 12 வாரத்தில் சராசரியாக 4.9 கிலோ இறங்கியது. டப்பா விற்பவர்கள் சொல்லாமல் விடும் பகுதி இனிமேல்தான் வருகிறது. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் அங்கே எதையும் சேர்க்கவில்லை. கொழுப்பை 35 சதவீதத்திலிருந்து 20-க்கு இறக்கி, காலியான இடத்தில் புரதத்தை வைத்தார்கள். மாவுச்சத்து இருந்தபடியே இருந்தது. ஒன்று போனதால்தான் இன்னொன்று வந்தது.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? காலையில் இட்லி. பதினொரு மணிக்குத் தெருமுனைக் கடையில் டீயும் மசால் வடையும். மதியம் பொன்னி அரிசிச் சோறு, ஞாயிற்றுக்கிழமையானால் பிரியாணி. இதில் ஒரு பருக்கைகூடக் குறையவில்லை. ஜிம் முடிந்ததும் ஷேக் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அந்த ஷேக்கை ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். ஒரு ஸ்கூப் பொடி சுமார் 120 கலோரி. கொழுப்பு கூடிய ஆரஞ்சு பாக்கெட் ஆவின் பால் 300 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய 260. ஒரு வாழைப்பழம் 100. நிலக்கடலை வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி 190. மொத்தம் 670 கலோரி. சாம்பார், சட்னியோடு நாலு இட்லி சாப்பிட்டாலும் இவ்வளவு வராது. மாஸ் கெயினர் என்று விற்கும் பொடியானால் நிலைமை இன்னும் மோசம். அதில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. எடை ஏற்றுவதற்கென்றே செய்த பொடியைக் குடித்துவிட்டுத் தொப்பை குறையவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு.

"குடிக்கிறதுதானே, அது சாப்பாட்டுக் கணக்கில வராது."

உடம்பும் கொஞ்சம் அப்படித்தான் ஏமாறுகிறது. அதுதான் சிக்கல். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 15 பேருக்கு நாளொன்றுக்கு 450 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நாலு வாரம் மென்று தின்னும் ஜெல்லி மிட்டாயாக, இன்னொரு நாலு வாரம் சோடா பானமாக. மிட்டாய் தின்ற நாள்களில் மற்ற சாப்பாட்டை அவர்களாகவே குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த நாள்களில் எதுவும் குறையவில்லை. 450 கலோரியும் அப்படியே மேலே ஏறிக்கொண்டது. அது சர்க்கரைதானே, புரதம் இல்லையே என்று கேட்கலாம். அதே பல்கலைக்கழகத்தில், ஒரு வேளை உணவுக்குப் பதிலாக எடுக்கும் தயாரிப்புகளை முதியவர்களுக்கு ஒரு நாள் திடமாகவும் ஒரு நாள் பானமாகவும் கொடுத்தார்கள். பானம் குடித்த நாளில், இரண்டு மணி நேரம் கழித்து வைத்த ஓட்ஸ் கஞ்சியைச் சுமார் 13 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மெல்லுவதற்கும், வயிற்றில் தங்கும் நேரத்துக்கும் பசியில் பங்கு இருக்கிறது.

"புரதத்தைச் செரிக்கவே கொழுப்பு எரிஞ்சிடும்."

செரிமானத்துக்குப் புரதம் தன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் வரை செலவழிப்பது உண்மைதான். ஆனால் ஒரு ஸ்கூப்பில் உள்ள 24 கிராம் புரதம் மொத்தமே 96 கலோரி. செலவாவது 20, 30 கலோரி. ஒரு பிஸ்கட் அளவு.

"சோறு தின்னா புரதமே கிடையாது. பொடி இல்லாம முடியாது."

2023-24 தேசிய நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நாட்டில் ஒருவர் நாளொன்றுக்கு எடுக்கும் புரதம் சராசரியாக கிராமத்தில் ஏறக்குறைய 62 கிராம், நகரத்தில் 63 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2020 பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம் போதும். சராசரி என்பதால் எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்ல முடியாது. குறை எங்கே என்றால், கிராமத்தில் அந்தப் புரதத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது அரிசி, கோதுமை போன்ற தானியங்களிலிருந்து வருகிறது. தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்போ முட்டையோ மீனோ பாலோ சேர்ந்தால் அது சரியாகிவிடும். எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்குத் தேவை கூடும். அதையும் சாப்பாட்டிலேயே எட்டலாம்.

இங்கே பொடிக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் சேர்ந்தால் 25 கிராம் புரதம் வரும், ஆனால் 400 கலோரி ஆகும். தண்ணீரில் கலக்கிய பொடி அதே புரதத்தை 120 கலோரியில் தருகிறது. கலோரியை மட்டும் பார்த்தால் பொடிதான் ஜெயிக்கும். ஆனால் பொடியில் சுண்டலின் நார்ச்சத்து இல்லை, மெல்லும் வேலை இல்லை. அதனால் மணிக்கணக்கில் பசி தாங்க வேண்டுமென்றால் முட்டையும் சுண்டலும்தான் என் தேர்வு. அதுவும் காலை டிபனில் இரண்டு இட்லியைக் குறைத்து அந்த இடத்தில். பதினொரு மணி வடை தானாக விடுபட்டால்தான் நாள் கணக்கு இறங்கும்.

அப்பா சாப்பிடுவதைப் பார்த்து மகனும் அதே அளவு சாப்பிடுவது இன்னொரு தப்பு. குழித்தறியில் இரண்டு காலும் மாறி மாறி மிதியை அழுத்த வேண்டும். ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, மறு கை பலகையை அடிக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான். உழைப்பின்படி தொழில்களைப் பிரித்த ஐ.சி.எம்.ஆரின் பழைய பட்டியலில் நெசவாளர் மிதமான உழைப்புப் பிரிவில் இருக்கிறார். 2020 கணக்கில் அந்தப் பிரிவு ஆணுக்கு 2,710 கலோரி, உட்கார்ந்த வேலைக்காரருக்கு 2,110. கடையிலோ கம்ப்யூட்டர் முன்னாலோ உட்காரும் மகனுக்கும் அப்பாவுக்கும் இடையில் 600 கலோரி வித்தியாசம். ஒரு மணி நேர ஜிம் பெரும்பாலும் அதை ஈடுகட்டாது.

பொடியின் தரத்தையும் நம்பிவிட முடியாது. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்துக் கேரள மருத்துவர்கள் முன்னின்று 2024-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீதப் பொடிகளில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சினும் இருந்தது. அதே ஆண்டு ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (என்.ஐ.என்.) வெளியிட்ட உணவு வழிகாட்டியும் புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்க்காமல், டாக்டரைக் கேட்காமல் பொடியைத் தொடவே கூடாது.

வாய்க்குப் பிடிக்காமல் இளைத்துக்கொண்டே போகும் வயசான நெசவாளருக்குக் கணக்கு தலைகீழ். பானம் பசியைக் குறைவாக அடக்குவதுதான் அவருக்கு லாபம். ஆனால் அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் இருக்கிற பசியும் போய்விடும். இரண்டு வேளைக்கு நடுவில், டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் நாள் மொத்தத்தில் கலோரியும் புரதமும் கூடும்.