அறிந்தவன் சொல்லும் விலை

உபாசகர் செய்யலாகாத வாணிபங்கள் ஐந்து எனப் பகவான் புத்தர் வகுத்தருளினார். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றை விற்றுப் பிழைப்பதே அவ்வைந்தும் ஆகும். பழைய காமிரா விற்பது இவற்றுள் அடங்காது. ஆகவே அதனை எவ்விலைக்கும் விற்கலாம், கேட்ட விலையை ஒருவன் கொடுத்தால் அவனுக்கும் நமக்கும் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணுவோர் உளர்.

டில்லியில் வாழும் நம் அன்பர் சிலர் இதுபற்றி நம்மை வினவினர். படம் பிடிக்கும் கலையில் ஆர்வம் மிக்க இளைஞர்கள் அவர்கள்; காமிராவையும் லென்ஸையும் தம்முள்ளேயே வாங்கியும் விற்றும் வருபவர்கள். 'ஒரே ஆர்வமுடைய தோழனுக்குப் பழைய சாமானை விற்கும்போது இலாபம் வைப்பது குற்றமா? குற்றமன்று எனில் எவ்வளவு வைக்கலாம்?' என்பதே அவர்கள் வினா. தம்மத்தில் இதற்கு விடை உண்டா என்று ஐயுற்றுக் கேட்டனர். உண்டு என்பதே நம் கருத்து. ஆனால் அவ்விடை அவர்கள் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

முதலில் பொருளின் இயல்பை நோக்குவோம். டில்லியில் சாந்தனி சௌக்கை ஒட்டிக் கூச்சா சௌத்ரி என்றொரு சந்து உண்டு. அங்கே வரிசை வரிசையாகக் காமிராக் கடைகள் உள்ளன. புதியனவும் பழையனவும் விற்கப்படுகின்றன. பழுது பார்ப்போரும் உளர். பெட்டியில் வரும் புதிய காமிராவின் மேல் அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். அதற்குமேல் கேட்பது சட்டப்படி குற்றம். 'செகண்ட் ஹாண்டு' என வழங்கும் பழைய சாமானுக்கோ அச்சிட்ட விலை ஏதும் இல்லை. இருவர் பேசிக்கொள்வதுதான் விலை. அவ்விருவருள் ஒருவர் பொருளை ஆண்டு அனுபவித்து அதன் குணமும் குற்றமும் அறிந்தவர். மற்றவர் அரைமணி நேரம் கையில் வைத்துப் பார்த்தவர்.

புத்தகமாயின் இவ்வளவு தொல்லை இல்லை. தரியாகஞ்சு நடைபாதையில் ஞாயிறுதோறும் பழைய நூல் விற்றவர்கள் 2019-ஆம் ஆண்டில் நீதிமன்ற ஆணையின் பின் மகிளா ஹாட் திடலுக்கு இடம் பெயர்ந்தனர். அவர்களிடம் நூல் வாங்குபவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தே வாங்குகிறார். தாள் கிழிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். காமிராவின் குறையோ உள்ளே ஒளிந்திருப்பது.

எவ்வாறு எனில், டிஜிட்டல் காமிராவின் ஷட்டர் இத்தனை இலட்சம் முறை திறந்து மூடும் என்று செய்தவர்கள் கணக்குச் சொல்வதுண்டு. நிக்கான் டி850-க்கு 2,00,000 முறை என்றும், கானன் 5டி மார்க் 4-க்கு 1,50,000 முறை என்றும் கூறினர். இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பதைச் சில காமிராக்களில் எளிதில் அறியலாம். சிலவற்றில் எளிதில் அறிய இயலாது. வெளித்தோற்றம் புத்தம் புதிதாக இருக்கும். உள்ளே ஆயுளின் பெரும்பகுதி கழிந்திருக்கும். இனி லென்ஸை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்து ஈரத்தில் இருட்டுப் பெட்டிக்குள் கிடந்த லென்ஸில் பூசணம் படரும். ஃபங்கஸ் என்று படக்காரர்கள் அஞ்சுவது இதனைத்தான். சிலந்தி நூல் போன்ற அதன் இழைகள் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். விளக்கைப் பின்னால் பிடித்துச் சாய்த்துப் பார்க்கத் தெரிந்தவர்க்கே அது புலப்படும்.

பிலிம் காமிராவில் வேறு வகைச் சிக்கல்கள் உண்டு. பின்கதவின் ஓரத்தில் ஒட்டிய கறுப்பு நுரைப்பஞ்சு நாளடைவில் பிசினாகி உதிரும். வெளிச்சம் கசிந்து படம் கெடும். மினோல்டா எஸ்.ஆர்.டி. 101 போன்றவை 1.35 வோல்ட் பாதரச பாட்டரிக்கு என்றே செய்யப்பட்டவை. அந்த பாட்டரி இப்பொழுது செய்யப்படுவதில்லை. கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் பாட்டரியைப் போட்டால் ஒளிமானியின் முள் நன்றாகவே ஆடும். ஆனால் தவறாகக் காட்டும். முள் ஆடுவதைக் காட்டி 'ஒளிமானி வேலை செய்கிறது' என்று விற்பவர் சொல்லும் சொல் பொய்யன்று. வாங்குபவரின் முதற் சுருள் முழுவதும் பிழையாகும் என்பதும் பொய்யன்று.

இதில் நட்டப்படுபவன் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பொழுதுபோக்காகப் படம் பிடிப்பவர் ஏமாந்தால் வருந்துவார், பின் மறப்பார். ஆயின் நம்மவருள் அப்பொழுதுபோக்கையே பிழைப்பாக்க முனைவோர் பலர். கடன் வாங்கிப் பழைய காமிரா ஒன்றை எடுத்து, கல்யாணப் படம் பிடிக்கப் புறப்படுகிறான் ஓர் இளைஞன். முகூர்த்த நேரத்தில் ஷட்டர் நின்றுவிட்டால் அந்தத் தாலி கட்டை மீண்டும் படம் பிடிக்க முடியுமா? அவன் பெயர் அன்றோடு கெடும். வட்டி மட்டும் நிற்காது. விற்றவரோ, 'நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே, அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை' என்பார்.

சட்டம் இவ்வாறு சொல்பவர் பக்கம் ஓரளவு நிற்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பதினேழாம் பிரிவில், வெறும் மௌனம் வஞ்சகமாகாது என்கிறது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது. ஒருவன் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறான். நோய் அவனுக்குத் தெரியும். வாங்குபவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. இது வஞ்சகமன்று. ஆனால் அடுத்த எடுத்துக்காட்டை நம் அன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். வாங்குபவர் அவனுடைய மகளாயும் அப்பொழுதுதான் வயது நிரம்பியவளாயும் இருந்தால், அந்த உறவின் காரணமாகவே குதிரையின் நோயைச் சொல்லுவது அவன் கடமையாகிவிடுகிறது. மூன்றாவது ஒன்றும் உண்டு. 'நீ மறுக்காவிட்டால் குதிரை நலமென்று கொள்வேன்' என்று வாங்குபவன் கூற, விற்பவன் வாய் திறவாதிருந்தால் அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

ஆங்கிலேயர் காலத்து இச்சட்டமே உறவு என்னும் ஒன்று மௌனத்தைக் குற்றமாக்கும் என்று ஒப்புக்கொள்கிறது. அங்ஙனமாயின் ஒரே ஆர்வத்தால் கூடி, ஒருவரிடம் ஒருவர் தொழில் நுணுக்கம் கற்று, 'அண்ணா, நீங்கள் சொன்னால் சரி' என்று நம்பி வரும் தம்பியிடம் மௌனம் காப்பது எதன் பாற்படும்? 'நீங்கள் சொன்னால் சரி' என்னும் சொல்லிலேயே அந்த மூன்றாவது எடுத்துக்காட்டு அடங்கியிருக்கிறது.

நம் பஞ்சசீலத்தின்படி இது நான்காவது சீலமாகிய பொய்யாமையைச் சேர்ந்தது என்றே பலரும் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. இது இரண்டாவது சீலத்தின்பாற் பட்டது. கொடுக்கப்படாததை எடுக்கலாகாது என்பது அச்சீலம். பூசணம் இல்லாத லென்ஸுக்கு என்று எண்ணி ஒருவன் பணம் கொடுக்கிறான். பூசணம் பிடித்த லென்ஸுக்கு அவன் அப்பணத்தைக் கொடுக்கவில்லை. அதிகப்படியான தொகை நம் கைக்கு வந்தது உண்மை. அது கொடுக்கப்பட்டது என்பது உண்மையன்று. பொய் சொல்லாதவனும் இவ்விடத்தில் தவறக்கூடும்.

மறைத்தலால் வரும் கேடு ஒருவனோடு நில்லாது. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் பழைய மோட்டார் கார் சந்தையைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1967-68-இல் அவர் நம் டில்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் தங்கியிருந்தபோதுதான் அக்கட்டுரையை ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிய செய்தி அவருக்கு வந்தது. வேறு பத்திரிகைகளும் மறுத்தபின் 1970-இல் அது வெளியாயிற்று. 2001-இல் நோபெல் பரிசில் பங்கும் தேடித் தந்தது. நம் நாட்டுக் கடைத்தெருவில் அரிசியின் நிறமும் வடிவும் ஒத்த கல்லை வேண்டுமென்றே கலப்பதையும் அதில் அவர் குறித்திருக்கிறார் என்பது நாம் நாணத்தக்க செய்தி.

அவர் கூற்றை நம் சாமானுக்கு ஏற்றிப் பார்ப்போம். நல்ல காமிரா 20,000 ரூபாய் பெறும், குறையுள்ளது 8,000 பெறும் என்று வைத்துக்கொள்க. வாங்குபவனால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. அவன் அஞ்சி, நடுவாக 14,000-க்குத்தான் கேட்பான். நல்ல காமிரா உடையவன் அவ்விலைக்குக் கொடான், வீட்டிலேயே வைத்துக்கொள்வான். குறையுள்ளவன் மகிழ்ந்து கொடுப்பான். எனவே சந்தையில் குறையுள்ளவையே மிகும். விலை மேலும் இறங்கும். முடிவில் நேர்மையானவன் விற்கவும் முடியாது, ஏழை நல்ல பொருளை வாங்கவும் முடியாது. ஒரு சிறு குழுவில் இது நிகழ இரண்டு மூன்று பேர் மறைத்தாலே போதும்.

இனி, விற்பவன் அறியாதவனாயும் வாங்குபவன் அறிந்தவனாயும் இருந்தால் என் செய்வது? டில்லியில் இது அடிக்கடி நேர்வது. மத்திய அரசு அலுவலில் இருந்த தாத்தாவின் அலமாரியில் ஒரு பழைய காமிரா கிடக்கும். அது பரோடாவில் செய்த ஆக்ஃபா கிளிக் 3 ஆயின் பெருவிலை பெறாது. 1954-இல் வெளிவந்த லைக்கா எம்3 ஆயின், நல்ல நிலையில் இலட்ச ரூபாய்க்கு மேலும் போகும். வீட்டிலுள்ள பாட்டிக்கு இரண்டும் ஒன்றே. கண்டறிந்தவன் ஆயிரம் ரூபாய் நீட்டலாமா?

இதற்கு விடை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சேரிவாணிஜ ஜாதகத்தில் கிடக்கிறது. தெலவாஹ ஆற்றைக் கடந்து அந்தபுரம் என்னும் நகருக்குச் சென்ற வணிகர் இருவர் தெருக்களைப் பங்கிட்டுக்கொண்டனர். நொடித்துப்போன ஒரு குடும்பத்தில் பாட்டியும் பேத்தியும் இருந்தனர். அழுக்கேறிய ஒரு கிண்ணத்தைக் கொடுத்துப் பேத்திக்கு ஓர் அணி கேட்டாள் பாட்டி. முதல் வணிகன் ஊசியால் கீறிப் பார்த்தான். பொன் என்று கண்டான். 'அரை மாசகமும் பெறாது' என்று சொல்லி எறிந்துவிட்டுப் போனான், பிறகு வந்து சும்மா கொண்டு போகலாம் என்று. அடுத்து வந்தவர் போதிசத்துவர். 'அம்மையே, இது நூறாயிரம் பெறும். அவ்வளவு பொருள் என்னிடம் இல்லை' என்றார்.

பின் நிகழ்ந்ததைப் பலரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. கையிலிருந்த 500 கஹாபணமும், 500 மதிப்புள்ள சரக்கும் கொடுத்தார். துலாக்கோல், பை, ஓடக்கூலிக்கு 8 கஹாபணம் இவற்றை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டார். நூறாயிரம் பெறும் கிண்ணத்தை ஆயிரத்துக்குப் பெற்றார் என்பதே கணக்கு. நூறு மடங்கு! ஆயினும் அவர்மீது ஒரு குற்றமும் இல்லை. ஏனெனில் பாட்டி உண்மை விலையைக் கேட்டறிந்த பின் மனமுவந்து கொடுத்தாள். அரை மாசகமும் பெறாது என்றவனோ, ஒன்றும் பெறாமலே கெட்டான்.

ஆகையால் இலாபத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு கட்ட நாம் முற்படவில்லை. தோழனுக்கு விற்றால் முதலுக்கே விற்க வேண்டும் என்று சொல்லும் நல்லோர் சிலர் உளர்; அது தானமாகலாம், கடமையாகாது. இன்ன விலைக்கு வாங்கி இன்ன விலைக்கு விற்றால் இவ்வளவு ஊதியம் என்று கணக்கறிந்த கடைக்காரனைக் கண்ணுடையவன் என்றே பகவான் அங்குத்தர நிகாயத்தில் எடுத்துரைக்கிறார். 12,000-க்கு வாங்கி, 2,500 கொடுத்துச் சுத்தம் செய்து, 18,000-க்கு ஒருவர் விற்பாராயின், குறைகளைச் சொல்லிவிட்டாரா என்பதே நம் கேள்வி. சொன்னபின் வாங்குபவர் மனமொப்பினால் அது நல்ல விலை.

ஒன்றில் மட்டும் நாம் கடுமையாயிருப்போம். 'தம்பி, நீ படம் பழக வேண்டும்' என்று ஒருவர் 20,000 பெறும் லென்ஸை 10,000-க்குக் கொடுக்கிறார். வாங்கியவன் அடுத்த வாரமே கூச்சா சௌத்ரிக்குக் கொண்டுபோய் 17,000-க்கு விற்கிறான். இங்கே மறைத்தது பூசணமன்று, எண்ணம். குறைத்த பத்தாயிரம் அவன் பழகுவதற்குக் கொடுத்த கொடை. இலாபத்தைக் கொண்டு இலாபம் தேடுவதைப் பகவான் தீய பிழைப்புகளுள் ஒன்றாக எண்ணியது இத்தகையோரை நோக்கியே போலும். வேண்டாமெனில் கொடுத்தவரிடமே முதலில் திருப்பிக் காட்டுவது முறை.

தனக்கே தெரியாத குறைக்கு ஒருவன் என் செய்வான் என்றும் கேட்டனர். தெரியாது என்பதைச் சொல்லலாமே. 'நான் இதில் பிலிம் போட்டுப் பார்க்கவில்லை' என்று சொல்லி, 36 படச் சுருள் ஒன்றைப் போட்டு அனுப்பி, கழுவி வந்த படங்களை இருவரும் பார்க்கும்வரை பணத்தை வாங்காதிருக்கலாம். அச்சுருளின் விலையை யார் கொடுப்பது என்று அவ்வன்பர்கள் விடாது கேட்டனர். பிலிம் இந்நாளில் விலை மிகுந்தது என்பது உண்மைதான். விற்பவரே கொடுக்கட்டும்.