கேமரா மாற்ற நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நிக்கான் டி5600-ஐ விற்றுவிட்டு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். ராத்திரிக் கூத்தை எடுத்தால் படமெல்லாம் ஷேக் ஆகிறது, இனி இந்தக் கேமரா தாங்காது என்பது உன் கட்சி. முதலில் ஒரு வேலை செய். தேறாத படங்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்து, கணினியில் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் பார்.

துரியோதனன் கலங்கியிருக்கிறான், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர் பளிச்சென்று இருக்கிறார் என்றால் ஷட்டர் வேகம் பற்றவில்லை. இருவருமே கலங்கியிருந்தால் உன் கை ஆடியிருக்கிறது. கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள் தெளிவாக இருந்து கண் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தப்பிவிட்டது. எல்லாமே தெளிவாக இருந்தும் படத்தில் உயிர் இல்லையென்றால், நீ நின்ற இடம் சரியில்லை. அதைச் சரிசெய்யும் கேமராவை யாரும் விற்பதில்லை.

நீ அனுப்பியவற்றில் பெரும்பாலானவை முதல் வகை. படத்தோடு பதிவான விவரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: 18-55 கிட் லென்ஸ், 55-இல் வைத்து எடுத்தது, எஃப் 5.6, ஷட்டர் 1/15 விநாடி. அந்த வேகத்தில் சுழன்றாடும் வேஷக்காரரை எந்தக் கேமராவும் நிறுத்தாது. அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்; ஷட்டரை 1/125-க்கு ஏற்றலாம். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு உன்னுடையதைப்போல இரண்டேகால் மடங்குதான். லென்ஸில் கிடைப்பதில் அது கால்வாசி. ஆகவே இப்போதைக்கு 50 எம்எம் 1.8 ஒன்று வாங்கு, பழையது கிடைத்தாலும் நல்லது. ஆனால் லென்ஸின்மேல் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. டி5600-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸைப் போட்டால் கையால்தான் திருப்ப வேண்டும்.

நானும் கேமரா மாற்றியவன்தான். ஆக்ஃபா கிளிக் III-இல் தொடங்கினேன். வெயில், மேகம் என்று குறி பார்த்துத் திருப்புவதோடு நம் வேலை முடிந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அடுத்து வந்த யாஷிகா மேட் 124 ஜி பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். இரட்டை லென்ஸ் கேமரா. வயிற்றருகே பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, மேலிருந்து பார்க்க வேண்டும். இடமும் வலமும் மாறித் தெரியும். வலப்பக்கம் ஓடும் பிள்ளை கண்ணாடியில் இடப்பக்கம் ஓடும், உடம்பும் அந்தப் பக்கமே திரும்பப் பார்க்கும். ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் அது ஆகாது. ஆனால் வேஷம் கட்டும் கொட்டகையில், பாய்மேல் உட்கார்ந்து அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும் ஒருவர் முன்னால் அதை வைத்துக்கொண்டு நின்று பார். அவர் முகத்துக்கு நேரே எதுவும் நீட்டப்படவில்லை. எதிரில் ஒருவன் தலை குனிந்து நிற்கிறான், அவ்வளவுதான். அவர் பாட்டுக்குப் புருவம் தீட்டுவார்.

பென்டாக்ஸ் கே1000 வந்ததும் ஆட்டம் கைக்கு வந்தது. ஒரு ரோலுக்கு 12-க்குப் பதில் 36 படம், ஷட்டர் 1/1000 வரை. ஆனால் கண்ணில் வைத்து எடுக்கும் கேமரா என் முகத்தை மறைத்தது. கொட்டகையில் பேச்சு நின்றது, முதுகுகள் நிமிர்ந்தன. அதனால் யாஷிகாவை விற்கவேயில்லை. கொட்டகைக்குள் போக இன்றும் எனக்கு அதுதான்.

பிறகு நிக்கான் டி90, 2008-இல் வந்த மாடல். ஃபிலிமில் ஒரு ரோல் முழுக்க ஒரே ஐஎஸ்ஓ. டிஜிட்டலில் படத்துக்குப் படம் ஐஎஸ்ஓ மாற்றலாம். இரவு முழுக்க நடக்கும் கூத்துக்கு இது எவ்வளவு பெரிய வரம்! அதனோடு வந்த கெடுதல், முதுகுப்பக்கத் திரை. ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து பார்ப்பவன், திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வேஷம் வெளிப்படும் அந்த நொடியைத் தவறவிடுவான். எடுத்த படம் தானாகத் திரையில் வருவதை மெனுவில் நிறுத்திவிடு.

காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணனைத் தேடிப் படி. கடையில் கிடைத்தது போதவில்லை என்று, வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்று கட்டினார். ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். அவருடைய கறுப்பு வெள்ளை யானைகளைப் பார். தனக்கு எது வேண்டும் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒருவர் கேமரா மாற்றுவதை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன்.

மிரர்லெஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. சத்தமில்லாமல் எடுக்கலாம், வெளிச்சம் எவ்வளவு விழும் என்பதை எடுக்கும் முன்பே கண்ணில் பார்க்கலாம். நாளை உன் படங்களுக்கு அது தேவைப்பட்டால் வாங்கு. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போடும். அதே விளக்கில் சோதித்துப் பார். பாட்டரியும் சீக்கிரம் இறங்கும், விடியும்வரை நிற்க இரண்டு மூன்றாவது வேண்டும்.

பங்குனியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து தொடங்கிவிடும். பதினெட்டாம் போர் இரவுக்கு என்னோடு வா. துரியோதனன் வீழும் படுகளம் மறுநாள் காலை வெயிலில்தான் நடக்கும், அதற்கு உன் கிட் லென்ஸே போதும். அதையும் எடுத்து வா. தேறாத படங்களை அழிக்காமல் கொண்டு வா. கூத்து தொடங்கும்முன் இருவரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்