கற்றலும் பரீட்சையும்

மாணவராகிய நாம் ஆசிரியரிடம் அடிக்கடி வினவுவது ஒன்று உண்டு: "ஐயா, இப்பகுதி பரீட்சைக்கு வருமா?" வாராதென்று அவர் கூறிய அக்கணமே ஏடு மூடப்படுகின்றது. அவ்வாறு வினவுவோருள் யாமும் ஒருவரே; ஆதலின் பிறரைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று.

கல்வியை வளர்ப்பது மதிப்பெண்ணோ, வேட்கையோ என ஆராய்வார்க்கு டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் வாழ்க்கை தக்கதொரு சான்றாகும். அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம், அப்பெரியார் 1876-இல் மறையுமளவும், அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பற்பல நூல்களைப் பாடங்கேட்டார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே அந்நகர்க்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களை ஐயர் அடுக்கிக் கூறியும் முதலியார் வியந்திலர். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பழைய நூல்களைப் படித்ததுண்டோ என வினவினார். இல்லையென்றே ஐயர் விடை கூற நேர்ந்தது.

அவ்வினாவை ஐயர் ஒரு போட்டியாகக் கொண்டிருப்பின், தோற்றோமென நாணி மீண்டிருப்பர். விடை தெரியாமையால் அவரது பதவிக்கு ஊறொன்றும் இல்லை. கற்குமாறு அவரைக் கட்டாயப்படுத்துவாரும் இலர். எனினும் முதலியார் அளித்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுப் படிக்கலாயினர். விளங்காத சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சைனரை அடுத்துக் கேட்டறிந்தார். கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர் அவர்கள்முன் மாணாக்கராயினார். ஏழாண்டு உழைப்பின் பயனாகச் சீவக சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. பட்டத்தேர்வு எதனையும் எழுதாத அவர்க்குச் சென்னைச் சர்வகலாசாலை 1932-இல் டாக்டர் பட்டம் நல்கிற்று.

பரீட்சையே வேண்டாவென்று யாம் கூறவில்லை. கற்பித்தவற்றுள் எவ்வளவு மனத்தில் நின்றதென அது அளந்து காட்டும். அறியாததை அறியவேண்டுமென்னும் ஆசையை அளத்தற்கு அதனிடம் கோல் இல்லை. முதலிடம் ஒருவர்க்கே உரியது. கல்வியோ பலர் பகிர்ந்துகொள்ளினும் குறைவதன்று.

இன்று பரீட்சைக்கென்று நாம் புரட்டும் இந்நூல்கள், பரீட்சையைக் கருதாத ஒருவரது வேட்கையால் நல்ல பதிப்பாக நம் கைக்கு வந்தவை. இதனை எண்ணி, "இப்பகுதி வாராது" என ஆசிரியர் கூறும் நாளில், ஏட்டை மூடுமுன் இன்னும் ஒரு பக்கமேனும் படிப்போமாக.