நாயைத் திருத்தத் தடி வேண்டுமா?

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு எனவும் பகீரதன் தவம் எனவும் வழங்கும் பெரும்பாறையைக் கண்டவர்கள், அதில் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானை மறந்திருக்க மாட்டார்கள். பேன் பார்க்கும் குரங்குக் குடும்பமும் அவ்வூர்க் கல்லில் உண்டு. ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன் அவற்றை வடித்த சிற்பி, உளியை எடுக்குமுன் நெடுநேரம் அப்பிராணிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். அவ்வாறு சும்மா இருந்து பார்க்கும் பழக்கமே இக்கட்டுரையின் முதற்பாடம்.

செங்கற்பட்டு மாவட்டத்தின் கடலோரக் குப்பங்களிலும், உள்ளே ஏரிப்பாசனக் கிராமங்களிலும், நாய்களைப் பற்றிய முறையீடு பஞ்சாயத்துக்கு வருவது புதிதன்று. சைக்கிளைத் துரத்துகிறது, மீன் விற்க வரும் அம்மாளைக் கண்டால் ஓயாது குரைக்கிறது, ஆட்டுக்குட்டியைக் கடித்துவிட்டது, பள்ளிப் பிள்ளையின் காலைப் பற்றியது, தை, மாசியில் கடற்கரை மணலைத் தோண்டி ஆமை முட்டைகளைத் தின்கிறது. இவை ஐந்தும் ஐந்து வெவ்வேறு காரணங்களால் நிகழ்பவை. நாமோ ஐந்துக்கும் ஒரே மருந்தை வைத்திருக்கிறோம்: கல், தடி, சில சமயம் இரகசியமாக வைக்கும் விஷச் சோறு.

விஷச் சோற்றைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நலம். திருவான்மியூர் கலாக்ஷேத்திரத்தின் நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவின் பயனாக, 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. தெருநாய்களைக் கொடிய முறையில் கொல்வது அச்சட்டப்படி குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி, பிராணியைக் கொன்றவருக்கும் முடமாக்கியவருக்கும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் ஊராரின் வற்புறுத்தலால் இதற்கு இணங்கிவிட்டுப் பின்னர் வழக்கில் நிற்பது பரிதாபத்துக்குரியது. விஷம் வைத்த சோற்றைக் கோழியும் காக்கையும் தின்னும் என்பதையும் நாம் அறிவோம்.

குரைப்புக்குக் கிடைக்கும் கூலி

மீன்கார அம்மாளின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். கூடையுடன் வாசலுக்கு வருகிறாள், நாய் குரைக்கிறது, மீனை விற்றுவிட்டு அவள் போகிறாள். அவள் எப்படியும் போகவேண்டியவள்தான். ஆனால் நாயின் கணக்கு வேறு. ‘நான் குரைத்தேன், அவள் ஓடினாள்’ என்று அது எழுதிக்கொள்கிறது. மறுநாளும் அப்படியே. மாதம் முப்பது நாளும் அந்நாய்க்குக் கூலி தவறாமல் கிடைத்துவிடுகிறது. சைக்கிளும் இவ்வாறே; துரத்தினால் சைக்கிள் விலகிப் போய்விடுகிறதல்லவா?

பலன் தந்த செய்கை மீண்டும் நிகழும், பலன் தராத செய்கை மெல்ல மறையும் என்னும் இவ்விதியை, அமெரிக்க மனோதத்துவ அறிஞர் தார்ண்டைக் 1898-இல் பூனைகளைக் கூண்டில் வைத்துச் சோதித்து எழுதினார். ரஷ்யாவில் பாவ்லவ் நாய்களைக் கொண்டே மற்றொன்றைக் கண்டார். உணவுக்கு முன் ஓர் ஒலியை நாள்தோறும் கேட்கச் செய்தால், சில நாட்களில் ஒலி கேட்ட மாத்திரத்திலேயே நாயின் வாயில் நீர் ஊறுகிறது. அதாவது, ஒரு பொருளின்மேல் நாய்க்கு உள்ள உணர்ச்சி, அதனுடன் சேர்ந்து வரும் மற்றொன்றால் மாறுகிறது. இவ்விரு விதிகளும் தெரிந்துவிட்டால் தடியின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

செய்முறை இது. அம்மாளின் குரல் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும்போதே, நாய் குரைக்கத் தொடங்குமுன், வீட்டார் சுண்டைக்காய் அளவு சோற்றுருண்டையோ முள் நீக்கிய வெந்த மீனோ ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கவேண்டும். குரல் ஓய்ந்ததும் கொடுப்பதும் ஓய வேண்டும். சில நாட்களில் அக்குரலைக் கேட்டதும் நாய் வாசலைப் பாராமல் உங்கள் கையைப் பார்க்கும். அப்போதுதான் அம்மாளை ஒரு வீட்டுத் தூரம் கிட்ட வரச் சொல்லவேண்டும். குரைத்துவிட்டால் நாய்மேல் குற்றமில்லை; நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். மறுபடியும் தூரத்திலிருந்து தொடங்குக. முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனை, அவன் தின்பண்டம் தின்னும்போது முயல் கூண்டை நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து, 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் குணப்படுத்தினார். குழந்தைக்குப் பலித்த அதே வைத்தியந்தான் இது.

சைக்கிளில் போகிறவர் செய்யவேண்டியது இன்னும் எளிது. மிதித்து விரையாமல், இறங்கி, வண்டியை நாய்க்கும் தமக்கும் இடையில் வைத்துக்கொண்டு, நாயை முறைத்துப் பாராமல் நடக்க வேண்டும். ஓடாத பொருளைத் துரத்துவதில் நாய்க்குச் சுவையில்லை.

உறுமல் ஓர் அறிவிப்பு

‘உறுமினால் உடனே அடி, அப்போதுதான் அடங்கும்’ என்பது பெரியோர் பலரின் அபிப்பிராயம். இதைவிட அபாயமான யோசனை வேறில்லை என்றே சொல்வேன். உறுமல் என்பது, ‘எனக்கு அச்சமாயிருக்கிறது, விலகிப் போ’ என்று நாய் தரும் முன்னறிவிப்பு. அடி விழுந்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும், அச்சத்தை விடாது. அடுத்த முறை அறிவிப்பின்றிக் கடிக்கும். ‘ஒரு சத்தமும் போடாமல் பாய்ந்துவிட்டது’ என்று சொல்லப்படும் நாய்களில் பல, சத்தம் போட்டதற்காக முன்பு அடிபட்டவையே.

உறுமலுக்கும் முன்னே வேறு அடையாளங்கள் வரும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். உணவின்றியே நாவால் மூக்கை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும். காதைப் பின்னே மடித்து வாலைக் கால்களுக்கிடையே இடுக்கும். வாலை ஆட்டுவதெல்லாம் நட்பு என்றும் நினைக்கக் கூடாது. உடல் விறைத்து, வால் நிமிர்ந்து, நுனி மட்டும் ஆடுமானால் ஒதுங்கி நிற்பதே அறிவு. காலை முதல் மாலை வரை புளியமரத்தடியில் முழ நீளச் சங்கிலியில் கட்டுண்ட நாய்க்கு விலகிப் போக வழியே கிடையாது. அது கடிப்பதில் வியப்பென்ன? கட்டத்தான் வேண்டுமென்றால் நீளக் கயிறும், நிழலும், நீரும், நாளுக்கு இருமுறை நடையும் கொடுங்கள்.

‘நான் தலைவன் என்று நாய்க்குக் காட்டவேண்டும்’ என்ற கொள்கையும் ஒன்றுண்டு. 1947-இல் ஷெங்கெல் என்பவர் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து அது பரவிற்று. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று பின்னர் டேவிட் மெக் 1999-இல் விளக்கித் தம் பழைய கருத்தையே திருத்திக்கொண்டார். அது நிற்க.

நம் நாட்டுத் தெருநாய்களையே ஆராய்ந்தவர்களும் உண்டு. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ராவும் அவருடைய குழுவினரும் செய்த சோதனைகள் சுவையானவை. அறிமுகமற்ற ஒருவர் தொடர்ந்து சில நாட்கள் உணவு கொடுத்ததைக் காட்டிலும், தலையைத் தடவிக் கொடுத்ததே தெருநாய்களிடம் மிகுந்த நம்பிக்கையை விளைத்தது என்று 2017-இல் எழுதினார்கள். யாரும் பழக்காத அந்நாய்கள், மனிதர் கைநீட்டிக் காட்டும் திசையைப் புரிந்துகொள்கின்றன என்று 2020-இல் தெரிவித்தார்கள். நாட்டு நாய்க்குப் புத்தி மட்டம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எனினும், தெரியாத நாயை நாமே தடவப் போவது கூடாது.

ஆட்டுப்பட்டியும் ஆமைக் குழியும்

ஆட்டைத் துரத்தும் நாய்க்குச் சோற்றுருண்டை பயன்படாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டமே அதற்கு விருந்து. நாம் கொடுக்கும் கூலி அதற்கு ஈடாகாது. ஆட்டின் அருகே வைத்து அடித்தால், எசமான் பார்க்கும்போது மட்டும் துரத்தக் கூடாது என்பதையே நாய் கற்கும். இரவில் ஆடுகளைப் பட்டியில் அடைத்து, நாயையும் வீட்டில் நிறுத்திக்கொள்வதே வழி.

ஆனால் குட்டிப் பருவத்தில் வேறொரு வாய்ப்பு உண்டு. பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை நாய்க்குட்டியின் மனம் ஈரக் களிமண். அப்போது பழகியவை எல்லாம் உறவு. பழகாதவை பின்னாளில் அந்நியம். இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்காட், புல்லர் என்னும் இருவர் 1965-இல் நூலாக வெளியிட்டனர். ஆட்டுக்குட்டிகளோடு இப்பருவத்தில் வளர்ந்த நாய், ஆட்டைக் குடும்பமாகக் கருதும். ஐரோப்பாவில் மந்தைக் காவல் நாய்களை வளர்க்கும் இரகசியம் இதுவே. எனவே குட்டியை எட்டாம் வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காமல், அந்நாட்களிலேயே ஆடு, கோழி, சைக்கிள், குடை, தொப்பி அணிந்தவர், பள்ளிப் பிள்ளைகள் யாவரையும் அமைதியாகக் காணச் செய்யுங்கள். பின்னர் ஆறு மாதம் பாடுபட்டுத் திருத்தவேண்டியதை இப்போது ஆறு வாரத்தில் தவிர்க்கலாம்.

கடற்கரைக்கு வருவோம். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பாலும் நீளும் மணற்கரையில், பங்குனி ஆமை தை முதல் பங்குனி வரை கரையேறி முட்டையிடுகிறது. குழியொன்றுக்கு ஏறக்குறைய நூறு முட்டைகள். பொரிய 45 முதல் 60 நாட்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணி அது. ஓரிரவில் ஒரு நாய் ஒரு குழியையே அழித்துவிடும். ஆனால் அந்நாயை இரவில் கரைக்கு அழைத்தது யார்? வலை உதறிய இடத்தில் கிடக்கும் கழிவு மீனும், உணவு விடுதிகள் மணலில் கொட்டும் எச்சிலுமே. கழிவை அன்றே குழியிலிட்டு மூடுவதும், மாலையில் குப்பத்தின் உட்புறம் நாய்க்கு உணவிட்டு இரவில் வீட்டில் நிறுத்துவதும், முட்டைக் குழியைக் கண்டவர் உடனே வனத்துறைக்குச் சொல்வதும் ஆமையையும் காக்கும்; நாயையும் பழிக்கு உள்ளாகாமல் காக்கும்.

பஞ்சாயத்து செய்யவேண்டுவது

சென்னை நகராட்சி நூறாண்டுக்கு மேலாக நாய்களைப் பிடித்துக் கொன்றும் தொகை குறையவில்லை. 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு 135 வரை கொல்ல நேர்ந்தது என்று புளூ கிராஸ் சங்கத்தார் எழுதியுள்ளனர். 1959-இல் தோன்றிய அச்சங்கம், கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்று 1964 முதல் சொல்லிவந்தது. 1996-இல் மாநகராட்சியும் அவ்வழிக்கு வந்தது. நாட்டுக்குப் பொதுவான விதிகள் 2001-இல் வந்தன. 2023-இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. இவ்விதிகளின்படி கருத்தடை உள்ளாட்சியின் பொறுப்பு. தெருநாய்களுக்கு உணவிடும் இடத்தைப் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு விலக்கி வரையறுக்கவும் அவை வழி செய்கின்றன. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் ஆகியவற்றின் வளாகங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் தனி ஆணை பிறப்பித்தது. தீர்மானம் போடுமுன் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். கருத்தடையும் மனோதத்துவத்துக்குத் தொடர்புடையதே. குட்டியீன்ற தாய்நாய் குட்டியைக் காக்கவே பாய்கிறது, குட்டி இல்லையேல் அச்சண்டையும் இல்லை.

வெறிநோய் கண்ட நாய்க்கு மட்டும் இக்கட்டுரையில் சொன்ன எதுவும் பொருந்தாது. காரணமின்றிக் கண்டதையெல்லாம் கடித்து, குரல் மாறி, எச்சில் ஒழுகத் தள்ளாடும் நாயை எவரும் நெருங்காமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். எந்த நாய் கடித்தாலும், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள் எதுவும் வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டு, 3, 7, 28-ஆம் நாட்களிலும் தவறாமல் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் சிலரைத் தடுக்கிறது. அம்மருந்து நாட்டில் நிறுத்தப்பட்டு இருபதாண்டுக்கு மேல் ஆகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

இறுதியாக, தேநீர்க் கடை நாய். வடைக்காக மேலே தாவுகிறது. ஒருவரும் கொடுக்காவிட்டால் நின்றுவிடும் என்பது மெய். ஆனால் முதல் சில நாட்கள் முன்னிலும் அதிகமாகத் தாவும், குரைக்கும். அது பழக்கம் சாகுமுன் துடிக்கும் துடிப்பு. அந்நேரத்தில் ஒருவர் மனமிரங்கி ஒரு துண்டு எறிந்தால், இன்னும் உரக்கக் கேட்டால் கிடைக்கும் என்று கற்றுக்கொண்டுவிடும். என்றாவது ஒருநாள் மட்டும் கிடைக்கும் கூலி, தினந்தோறும் கிடைப்பதைவிடப் பழக்கத்தை வலுப்படுத்தும். சூதாட்டக்காரர் ஆட்டத்தை விடாததும் இதனாலேதான். ஆகையால் ஒருவர் இருவர் கட்டுப்பட்டால் போதாது. கடைக்கு வரும் அத்தனை பேரும் உடன்பட வேண்டும். பசியோடு விட்டுவிடுவதும் முறையன்று. கடைக்காரர் தினமும் கடை மூடும் வேளையில், கடைக்குப் பின்புறம், நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும், ஒரு தட்டில் வைக்கட்டும்.