முதலில் கேரியரைக் கழற்று, தம்பி

போன வாரம் திருச்சியிலிருந்து நீ வந்து இறங்கியபோது உன் காரைச் சுற்றி வந்து பார்த்தேன். தலையில் காலி கேரியர், முன்னால் இரும்பு பம்பர் கார்டு, பின்னால் புதிதாக ஒட்டிய ஸ்பாய்லர். "மைலேஜ் குறைஞ்சுபோச்சுக்கா, இன்ஜினைப் பார்க்கணும்" என்றாய். இன்ஜின் மேல் பழி போடாதே. வாராவாரம் 300 கிலோமீட்டருக்கு மேல் நான்குவழிச் சாலையில் ஓட்டுகிறாய். அந்தச் சாலையின் வேகத்தில் இன்ஜினின் உழைப்பில் பெரும்பங்கு காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 100-ல் போகிறவன் 80-க்கு இறங்கினால் அந்தத் தடை 36 சதவீதம் குறையும். சென்னை வந்து சேர முக்கால் மணி நேரம் கூடும். பரவாயில்லை, அம்மாவுக்கும் நிம்மதி. ஊருக்குள் நாற்பதில் ஊர்கிறவர்களுக்கு நான் இனிச் சொல்லப்போவது எதுவும் பெரிதாக உதவாது. அவர்கள் டயர் காற்றைச் சரிபார்த்துக்கொண்டாலே போதும்.

எதையும் ஒட்டுவதற்கு முன்னால், துருத்திக்கொண்டிருப்பதையெல்லாம் கழற்று. கூரைமேல் வைக்கிற பெரிய மொட்டைப் பெட்டி நெடுஞ்சாலை மைலேஜில் 6 முதல் 17 சதவீதம் வரை தின்றுவிடும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. அதே சுமையைக் காரின் பின்புறம் மாட்டினால் இழப்பு 1 முதல் 5 சதவீதம்தான். காலி கேரியர் அவ்வளவு தின்னாது என்றாலும், வருடத்தில் இரண்டு நாள் மூட்டை ஏற்றுவதற்காக மீதி நாளெல்லாம் அதை ஏன் சுமக்கிறாய்? பம்பர் கார்டைக் கழற்ற யோசிக்கவே வேண்டாம். நடந்துபோகிறவர்களுக்கு ஆபத்து என்று 2017-லேயே மத்திய அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. ஸ்பாய்லரும் அப்படியே, காரோடு சேர்த்துக் கம்பெனியில் வடிவமைக்காமல் கடையில் வாங்கி ஒட்டுவது பெரும்பாலும் தடையைக் கூட்டத்தான் செய்யும்.

விளிம்புகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1970-களில் நாசாவின் ஆட்கள் கலிபோர்னியா பாலைவனத்தில் ஒரு வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, அச்சு அசல் ஷூ டப்பா போல ஆக்கினார்கள். பிறகு அதன் கூர் விளிம்புகளை மட்டும் வட்டமாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். காற்றின் தடை பாதிக்கும் மேல் குறைந்துபோனது. உள்ளே இடம் குறைந்ததோ மிகச் சொற்பம். இன்றைய லாரிகளின் உருண்ட முகத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட சோதனைகள் இருக்கின்றன.

கழற்றியதும் அள. அளக்காமல் அடுத்த வேலையில் இறங்கினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. ஒரே பங்க்கில், ஒரே பம்பில், ஆட்டோ கட் ஆகும்வரை ஃபுல் டேங்க் அடி. போய்த் திரும்பி வந்த பிறகு மறுபடி அதே பம்பில் நிரப்பு. போகும்போது எதிர்த்த காற்று வரும்போது தள்ளிவிடும் என்பதால் ஒருவழிக் கணக்கை நம்பாதே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது மூன்று டேங்க் பார். நோட்டில் தேதி, மழையா வெயிலா, ஏ.சி. ஓடியதா, எத்தனை பேர் இருந்தார்கள் எல்லாம் இருக்கட்டும்.

இனி, காற்று புகுந்து தடுக்கிற இடங்களை மூட சன்பேக் ஷீட் என்கிற பிளாஸ்டிக் அட்டை. விளம்பர போர்டு கடையில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. நானும் அதில்தான் தொடங்கினேன், முதல் தப்பையும் அதில்தான் செய்தேன். முன் கிரில் முழுவதையும் அடைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் கிளம்பினேன். மதுராந்தகம் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கிவிட்டது. ஓரங்கட்டி ஷீட்டைப் பிய்த்த பிறகுதான் முள் இறங்கியது. ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் காற்று வேண்டும். நம் ஊர் வெயிலில் மேல் கிரிலை மட்டும் கொஞ்சம் அடை, கீழ் வாயைத் தொடவே தொடாதே. கையால் சட்டென்று எடுக்கிற மாதிரி மாட்டு.

காருக்கு அடியில்தான் நிறையச் செய்யலாம். மேலே வழுவழுப்பாக இருக்கிற கார் கீழே பள்ளமும் குழாயுமாக இருக்கும், அங்கே காற்று சிக்கிச் சுழலும். தட்டையாக மூடினால் வழுக்கிப் போகும். ஓட்டு வீட்டில் தண்ணீர் இடுக்கில் இறங்காதபடி ஓடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்குமே, அதே கணக்குதான்: முன் ஷீட்டின் பின்விளிம்பு, பின் ஷீட்டின் முன்விளிம்புக்குக் கீழே வரவேண்டும். மாற்றி வைத்தால் காற்று இடுக்கில் புகுந்து மொத்தத்தையும் கிழித்துவிடும். சைலன்சர் குழாய் பக்கம் சன்பேக் போகவே கூடாது. அந்தப் பிளாஸ்டிக் 160 டிகிரி சொச்சத்தில் உருகும், அதற்கு முன்பே தொளதொளத்துவிடும். கேடலிடிக் கன்வெர்ட்டர் அதைவிடப் பல மடங்கு கொதிக்கும். அந்த இடத்தைத் திறந்தே விடு. ஆயில் மாற்றுகிற இடத்துக்குத் துளை, மழைநீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் வை.

வழவழப்பான வீல் கப் நல்லது, ஆனால் பின்சக்கரத்தோடு நிறுத்திக்கொள். 1999-ல் வந்த முதல் ஹோண்டா இன்சைட் காரிலேயே பின்சக்கரங்களைப் பாதி மூடித்தான் விற்றார்கள். முன் பிரேக்தான் அதிகம் சுடும், அதற்குக் காற்று வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது நான் சொல்வது புரியும்.

அமெரிக்காவில் வால் நீட்டி, காரையே மீன்போல ஆக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நீ அந்தப் பக்கம் போகாதே. வண்டியின் அமைப்பு ஆர்.சி. விவரத்தோடு ஒத்துப்போகாதபடி மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தராது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் ஒரு விரல் அளவுகூட மறையக் கூடாது.

அடியில் மாட்டும் எதையும் டேப்பிலோ கேபிள் டையிலோ நிறுத்தாதே, வாஷர் போட்டு போல்ட் முடுக்கு. கழன்று பறக்கிற ஷீட் பின்னால் வருகிற பைக்காரரின் முகத்தில்தான் போய் அடிக்கும். முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, குனிந்து, கையால் ஆட்டிப் பார். அப்புறம் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும்.