குலமுறை ஆராய்ச்சி: ஒரு கம்பனிப் படையதிகாரியின் குடும்ப வரலாறு

அரசர் வரலாற்றைக் கற்கும் மாணாக்கர் தனியொரு குடும்பத்தின் வரலாற்றை ஆராய முற்படுதல் அரிது. ஆயினும், பேரரசுகள் வகுத்த விதிகள் மனிதரின் இல்லத்துள் எவ்வாறு புகுந்தன என்பதைக் குடும்ப வரலாறே தெளிவாகக் காட்டவல்லது. இந்தியாவிலே பணியாற்றிய பிரித்தானியப் படையதிகாரி ஒருவரின் குலமுறையை ஆராயும் வழியை ஈண்டு நோக்குவாம்.

முதற்கண் அறியவேண்டுவது, அவர் எப்படையைச் சேர்ந்தவர் என்பது. மன்னர் படை வேறு. கிழக்கிந்தியக் கம்பனியின் படை வேறு. கம்பனிப் படையும் வங்காளம், சென்னை, பம்பாய் என மூன்றாகப் பிரிந்திருந்தது. 1858ஆம் ஆண்டிலே கம்பனியின் ஆட்சி முடியரசின் கைக்கு மாறியது. மாகாணப் படைகள் மூன்றும் 1895இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. மன்னர் படையின் ஆவணங்கள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், கம்பனியின் ஆவணங்கள் பிரித்தானிய நூலகத்திலும் உள்ளன. இவ்வேறுபாட்டை அறியாது தேடுவோர் வீணே இளைப்பர்.

அடுத்து நோக்கத்தக்கவை தேவாலயப் பதிவுகள். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்பவற்றின் பிரதிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. சென்னை மாகாணத்துப் பதிவுகள் 1698 தொடக்கம் கிடைக்கின்றன. படைப்பயிற்சிக்கு விண்ணப்பித்த இளைஞர் சமர்ப்பித்த பத்திரங்களும் பிறப்பையும் பெற்றோரையும் அறிய உதவும். கல்லறைச் சாசனங்களும் துணைபுரியும். சென்னை மாகாணத்துக் கல்லறைச் சாசனங்களைத் தொகுத்து கொற்றன் என்பார் 1905இல் நூலாக வெளியிட்டனர்.

இத்துணைச் சான்றுகள் இருந்தும் ஒரு பெருங்குறை உண்டு. இந்தியத் தாய்மாரின் பெயர்கள் இப்பதிவுகளிலே பெரும்பாலும் காணப்படா. இதற்குக் காரணமும் இல்லாமலில்லை. பெற்றோருள் ஒருவர் இந்தியராயின் அன்னாரின் மகன் கம்பனியில் அதிகாரியாதல் கூடாதென 1791இல் இயக்குநர் சபை விதித்தது. ஆகவே, தாயின் பெயரை மறைத்தல் பிள்ளையின் வாழ்வைக் காத்தலாகவும் கருதப்பட்டது. இராசபுத்திரத் தாய்க்குப் பிறந்த ஜேம்ஸ் ஸ்கின்னர், கம்பனியில் இடமின்றி மராத்தியர் படையிலே சேர்ந்தமை இதற்குச் சான்றாகும்.

இனி ஓர் உதாரணம் காண்போம். கேணல் ஜேம்ஸ் அக்கிலீஸ் கேர்க்பற்றிக் 1764இல் சென்னையிலே பிறந்தவர்; சென்னைப் படையின் அதிகாரி; ஐதராபாத் நிசாமின் அரசவையிலே கம்பனியின் பிரதிநிதியாயிருந்தவர். 1800ஆம் ஆண்டளவில், உயர்குடிப் பெண்ணாகிய கயிருன்னிசாவை இசுலாமிய முறைப்படி மணந்தார். சாகிப் அல்லம் என்னும் மகனும் நூருன்னிசா என்னும் மகளும் பிறந்தனர். 1805இல் பிள்ளைகள் இருவரும் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் 15இல் தந்தை கல்கத்தாவிலே காலமானார். 1806இல் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வில்லியம் ஜோர்ஜ், கதரின் அரோரா எனப் பெயர் பெற்றனர். தாயை அவர்கள் மீண்டும் கண்டிலர்.

ஞானஸ்நானப் பதிவை மட்டும் நோக்குவோன் கதரின் என்னும் ஆங்கிலப் பெண்ணையே காண்பான், நூருன்னிசாவைக் காணான். தாயின் வரலாற்றை நாம் அறிதற்குக் காரணமானவை வேறு: அம்மணம் பற்றி ஆளுநர் நாயகம் வெல்லெஸ்லி நடத்திய விசாரணையின் ஏடுகளும், கேர்க்பற்றிக் சகோதரரின் கடிதங்களுமே. கதரினும் தன் தாய்வழியை மறந்தாளல்லள். தாய் 1813இல் இறந்துவிட்டாள். எனினும் 1840களில் ஐதராபாத்திலிருந்த தாய்வழிப் பாட்டியாருடன் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. பாட்டியார் பாரசீக மொழியிலே எழுதுவித்தார். பேர்த்தி ஆங்கிலத்திலே எழுதினாள். ஒருவரையொருவர் மீண்டும் காணாமலே அவ்வன்பு வளர்ந்தது. கதரின் 1889இல் இங்கிலாந்திலே காலமானாள்.

இதனால் நாம் கற்கும் பாடம் யாது? பதிவேட்டில் உள்ளதை வாசித்தலோடு, அங்கு யாருடைய பெயர் இல்லை, ஏன் இல்லை என வினாவுதலும் ஆராய்ச்சியாளன் கடனாம். ஒரு பதிவு மௌனஞ் சாதிக்கும்போது கடிதத்தையும் மரணசாதனத்தையும் கல்லறையையும் வினாவுதல் வேண்டும். நம் மாணாக்கர் தத்தம் இல்லத்துக் காணி உறுதிகளையும் சாதகக் குறிப்புகளையும் எடுத்து நோக்குவாராக. தந்தைவழிப் பெயர்களோடு, பாட்டியாரின் பெயரையும் அவர்தம் தாயாரின் பெயரையும், சொல்வோர் உள்ளபோதே கேட்டு எழுதிவைப்பாராக.